இரண்டு கிளிப்புகள்

அது கலியாணமாகி ஆறாவது வருஷம். கண்டியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் கருப்பைக்குள் சாயம் விட்டு எனக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள். சாயம் இரண்டு பக்கமும் உள்ள கருக்குழாய்கள் வழியாகப் போய் வயிற்றுக்குள் சிந்த வேண்டும். எனக்குச் சிந்தவில்லை. குழாய்களின் நுனிவரை போய், வெளியே வர வழியில்லாமல், இரண்டு பக்கமும் சின்னப் பை மாதிரி உப்பிக்கொண்டு நின்றது.

நான் விஞ்ஞான ஆசிரியை. கருப்பையையும் குழாய்களையும் கரும்பலகையில் எத்தனையோ தரம் வரைந்திருக்கிறேன். ஆனாலும் அந்தப் படத்தில் என்னுடையதைப் பார்த்தபோது சட்டென்று எனக்கு எதுவும் விளங்கவில்லை.

டொக்டர் சிங்களவர். எங்களுக்காக மெதுவாகக் கதைத்தார். சின்ன வயதில் வயிற்றில் ஏதாவது வருத்தம் வந்ததா என்று கேட்டார். நாவலப்பிட்டியில் படிக்கிற காலத்தில் அப்பென்டிக்ஸ் வெடித்து, ரொம்ப நாள் ஆஸ்பத்திரியில் கிடந்ததைச் சொன்னேன். அதில் கிருமி பரவிக் குழாய்கள் பழுதாகியிருக்கலாம், நிச்சயமாகச் சொல்ல முடியாது என்றார். பிறகு சொன்னதுதான் எங்கள் இரண்டு பேரையும் ஆட்டிவிட்டது. குழாய்களில் தேங்கி நிற்கிற தண்ணீர் கருப்பைக்குள் கசிகிறது. வெளியே கருவை உண்டாக்கி உள்ளே வைத்தாலும் அந்தத் தண்ணீர் அதைத் தங்க விடாது. அதனால் முதலில் இரண்டு குழாய்களையும் அடைக்க வேண்டும்.

"அடைச்சா?" என்று என் கணவர் கேட்டார்.

"அடைச்ச பிறகு ஐ.வி.எஃப். மட்டும்தான். தானாகப் பிள்ளை தங்கிறதுக்கு வாய்ப்பே இல்லை."

"இப்ப வாய்ப்பு இருக்கா?"

டொக்டர் எக்ஸ்ரே படத்தை மறுபடி ஒரு தரம் பார்த்தார். "இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா நம்பியிருக்கவும் சொல்ல மாட்டேன்" என்றார்.

மேசை லாச்சியைத் திறந்து ஒரு மாதிரிக் கிளிப்பை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். பொம்மைக்கு மாட்டுகிற ஹேர் கிளிப் மாதிரி இருந்தது. டைட்டேனியம் உலோகம், உள்பக்கம் மெல்லிய இறப்பர். குழாயைச் சுற்றி எல்லாம் ஒட்டிப்போயிருப்பதால் வெட்டி எடுப்பது ஆபத்து, கருப்பையை ஒட்டின இடத்தில் பக்கத்துக்கு ஒன்றாக இதைப் பூட்டிவிட்டால் போதும் என்றார். துரு பிடிக்காது, கழற்ற வேண்டியதில்லை, ஆயுசுக்கும் உள்ளேயே இருக்கும். என் கணவர் அதை வாங்கி விரலால் திறந்து மூடிப் பார்த்தார். கடுகண்ணாவையில் மெயின் ரோட்டில் அவருக்கு ஒரு சின்னக் கடை இருக்கிறது. வாகன பெட்டரி விற்பார், வயரிங் வேலையும் செய்வார். கையில் எது கிடைத்தாலும் அது எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கிற ஆள். இரண்டாம் தரம் திறந்து மூடவில்லை. மேசையில் வைத்துவிட்டார்.

வீட்டுக்கு வருகிற பஸ்ஸில் அவர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "அம்மாகிட்ட கட்டி எடுக்கப் போறோம்னு சொல்லுவோம்."

நான் சரி என்றேன். காரணம் கேட்கத் தேவையிருக்கவில்லை. மாமி ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தே மூன்று பிள்ளைகளை வளர்த்தவர். என் கணவர் கடைசி. அவர் பிறந்த கொஞ்ச நாளில், தோட்டத்துப் பெண்கள் சிலரோடு மாமியையும் லொறியில் ஏற்றிக்கொண்டு போய்க் கருத்தடை செய்துவிட்டுக் கொண்டுவந்து விட்டார்களாம். என்ன ஒப்பரேசன் என்று யாரும் சொல்லவில்லை, வந்த பிறகுதான் தெரியும் என்பார். குழாயை அடைப்பது என்றால் மாமிக்கு ஒரே ஒரு அர்த்தம்தான்.

ஒப்பரேசன் லேசாக முடிந்தது. தொப்புளிலும் அடிவயிற்றிலும் மூன்று சின்னக் காயங்கள், அவ்வளவுதான். மயக்கம் தெளிந்தபோது தோள்பட்டை வலித்தது. வயிற்றுக்குள் விட்ட காற்று அப்படித்தான் செய்யும் என்றார்கள். இரண்டு பக்கமும் நல்லபடியாகப் பூட்டியாகிவிட்டது என்று டொக்டர் வந்து சொல்லிவிட்டுப் போனார். நான் நன்றி சொன்னேன். சொன்ன பிறகு, எதற்கு நன்றி சொன்னேன் என்று யோசித்துக்கொண்டு கூரையைப் பார்த்தபடி கிடந்தேன்.

தையல் பார்க்கப் போன அன்று கணவருக்குக் கடையை விட்டு வர முடியவில்லை. மாமி என்னோடு வந்தார். காயத்துக்கு மருந்து கட்டிய நர்ஸ் மிஸ்ஸி எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டுத் தமிழிலேயே கதைத்தார். அவர் பேரில் பிழையில்லை. அன்பாகத்தான் சொன்னார்.

"பாரம் தூக்க வேணாம். உள்ளுக்கு ரெண்டு பக்கமும் கிளிப் போட்டிருக்கு தானே."

"என்னா கிளிப்பு?" என்றார் மாமி.

"குழாய அடைக்கிற கிளிப்பும்மா."

மாமி பையை எடுத்துக்கொண்டு எழும்பினார். பஸ்ஸில் என் பக்கத்தில் இடம் இருந்தும் முன்னால் போய் வேறொரு பெண்ணோடு உட்கார்ந்துகொண்டார். பேராதனை தாண்டி, பிலிமத்தலாவை தாண்டி, பஸ் மேலே ஏறுகிற வரைக்கும் அவர் தலை ஒரு பக்கமும் திரும்பவில்லை. கடுகண்ணாவையில் இறங்கி வீட்டுக்கு நடக்கும்போதும் முன்னால் நடந்தார்.

வீட்டுக் கதவைச் சாத்திய பிறகுதான் வாய் திறந்தார். "புள்ள வேணாம்னா என்கிட்ட சொல்லியிருக்கலாமே. எதுக்கு விரதம் இருந்த? எதுக்கு என்னய அந்தக் கசாயத்தை எல்லாம் காச்ச விட்ட?"

"மாமி, புள்ள வேணும்னுதான் செஞ்சோம்."

"அடைச்சிட்டு வந்து நிக்கிற. அடைச்சா எப்புடி வரும்?"

பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறவளுக்கு அன்றைக்கு ஒரு வசனம் வாயில் வரவில்லை. கணவர் கடையிலிருந்து வந்து முதலில் பொறுமையாகவும் பிறகு சத்தம் போட்டும் விளங்கப்படுத்தினார். கெட்ட தண்ணீர், கசிவு, கொழும்பில் கருவை உண்டாக்கி வைப்பது எல்லாம் சொன்னார். மாமி முழுதும் கேட்டார். கேட்டுவிட்டு, "அப்ப ரெண்டு பேரும் சேர்ந்துதான் என்னய ஏமாத்தியிருக்கீங்க" என்று சொல்லி எழும்பிப் போய்விட்டார்.

கோபம் ஒரு கிழமையில் தணிந்தது. கோழி சூப் வைத்துத் தந்தார். ஆனால் நம்பவில்லை. நம்பாதது எனக்குத் தெரிந்தது. உண்மையைச் சொன்னால் நானும் பாதிதான் நம்பினேன்.

அந்தக் கிளிப்புகள் எனக்கு வலி எதுவும் தரவில்லை. உள்ளே இருப்பதே தெரியாது. அவை செய்த வேலை வேறு. ஒப்பரேசன் முடிந்து மூன்றாவது மாதமோ என்னவோ, எனக்கு மாதவிலக்கு பிந்தியது. ஆறு வருஷப் பழக்கம், கலண்டரைப் பார்த்ததும் நெஞ்சு துள்ளியது. பாடசாலைக்குப் போகிற வழியில் கண்டிக் குளக்கரையில் சனத்தோடு சனமாக நடந்துகொண்டே மனதுக்குள் நாள் எண்ணினேன். பிள்ளை பிறப்பது ஓகஸ்டா, செப்டெம்பரா என்றுகூடப் போய்விட்டேன். அப்புறம்தான் கிளிப் ஞாபகம் வந்தது. அப்படியே நின்றுவிட்டேன். பின்னால் வந்தவர் இடித்து, சிங்களத்தில் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார். மாதா மாதம் ஏமாந்தது போதும் என்று நான் எத்தனையோ தரம் அழுதிருக்கிறேன். அந்த ஏமாற்றத்துக்கு முன்னால் வருகிற அந்த இரண்டு மூன்று நாள் ஆசை எவ்வளவு பெரிய பொருள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அதையும் சேர்த்துப் பூட்டியிருந்தார்கள்.

கொழும்புக்கு முதல் தரம் போனபோது நான்கு கருக்கள் உண்டாகின. ஒன்றை வைத்தார்கள், மற்ற மூன்றையும் குளிரில் உறைய வைத்திருந்தார்கள். திரும்பி ரயிலில் வரும்போது, கடுகண்ணாவைக் கணவாயில் ரயில் குலுங்கின குலுக்கலில் நான் வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தேன். அப்படி விழுந்துவிடாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் பிடித்துக்கொண்டு வந்தேன். தங்கவில்லை. இரத்தப் பரிசோதனை முடிவைக் கணவர்தான் போனில் கேட்டார். "இல்லையாம்" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்விட்டார். அன்றைக்கு அவர் இரவுச் சாப்பாட்டுக்கும் பிந்தித்தான் வந்தார்.

அந்தத் தவணையில்தான் பதினோராம் வகுப்பில் இனப்பெருக்கத் தொகுதி பாடம். வேறு டீச்சரிடம் கொடுத்திருக்கலாம். கொடுக்கத் தோன்றவில்லை. குழாய்களை வரைந்து, சூலும் விந்தும் சேருகிற இடத்தைக் காட்டிக்கொண்டிருந்தபோது பின்வரிசைப் பெண் பிள்ளை ஒன்று எழும்பி, "மிஸ், குழாய் அடைபட்டா புள்ள பொறக்காதா?" என்று கேட்டது.

"இப்ப வேற வழி இருக்கு" என்று சொல்லி அதையும் விளக்கினேன். பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். மணி அடித்த பிறகு கரும்பலகையை அழிக்க எனக்கு மனம் வரவில்லை. அடுத்த பாடத்துக்கு வந்த சமய பாட ஆசிரியர்தான் கூச்சப்பட்டுக்கொண்டு அழித்தார்.

இரண்டாம் தரம் தங்கியது.

பரிசோதனை முடிவு வந்தபோது நான் மாமியிடம்தான் முதலில் சொன்னேன். அவர் அடுப்படியில் மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தார். கத்தியை வைத்துவிட்டு என்னைக் கதிரையில் உட்கார வைத்தார். "அடைச்ச பிறகு எப்புடிப் புள்ள..." என்று ஆரம்பித்தவர், பாதியில் நிறுத்திச் சிரித்துவிட்டார். நான் அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அதன் பிறகு ஒரு சுண்டு அரிசி தூக்கவும் என்னை விடவில்லை.

ஸ்கேன் எடுத்த டொக்டர் கருவியை வயிற்றில் ஒரே இடத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். திரையை எங்கள் பக்கம் திருப்பவில்லை. அதிலேயே எனக்கு விளங்கிவிட்டது. பை இருந்தது, சின்னதாகக் கருவும் இருந்தது, துடிப்பு இல்லை. இன்னொரு கிழமை பொறுத்துப் பார்ப்போம் என்றார்கள். பொறுத்தோம். அந்தக் கிழமை முழுக்க வீட்டில் யாரும் உரத்துக் கதைக்கவில்லை. மறுபடி பார்த்தபோதும் அதேதான்.

வயிற்றைச் சுத்தப்படுத்தி வந்து படுத்திருந்தபோது மாமி வந்து கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் என் காலை அமுக்கிவிட்டார். வெளியே மழை. மெயின் ரோட்டில் கனரக லொறிகள் மேட்டில் முக்கிக்கொண்டு ஏறுகிற சத்தம் கேட்டது.

"என்னயக் கேக்காமலே அடைச்சாங்க" என்றார். "ஒன்னயக் கேட்டு, கையெழுத்து வாங்கி அடைச்சாங்க. எனக்காச்சும் மூணு இருந்துச்சு."

அவர் ஆறுதலாகச் சொன்னாரா, குறையாகச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எனக்கு அப்போது எரிச்சல்தான் வந்தது. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் அழுகிறார் என்பது கட்டில் லேசாக ஆடினதில் தெரிந்தது. நான் திரும்பவில்லை. அவரும் எழும்பிப் போகவில்லை.

மிச்சம் இருந்த இரண்டு கருக்களையும் அடுத்த வருஷம் ஒன்றாக வைத்தார்கள். இரண்டும் தங்கவில்லை. திரும்பவும் சூல் வளர்க்கிற ஊசியிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று டொக்டர் சொன்னபோது கணவர் என் முகத்தைப் பார்த்தார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். "யோசிச்சிட்டு வாறோம் டொக்டர்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தோம். யோசிக்கவும் இல்லை, போகவும் இல்லை. கிளிப்பைக் கழற்றினால் பழையபடி ஆகுமா என்று ஒரு தரம் கண்டி டொக்டரிடம் கேட்டேன். பழையபடி என்றால் பழுதான குழாய்தான் என்றார். சரிதான்.

போன வருஷம் எனக்கு விலாவில் கொளுவிப் பிடித்தாற்போல ஒரு வலி. சிறுநீரகத்தில் கல்லாக இருக்கலாம் என்று வயிற்றை எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார்கள். எக்ஸ்ரே எடுத்தவர் இளம் ஆள், நல்ல மாதிரி. கொம்பியூட்டரில் படத்தைப் பார்த்துவிட்டு, கீழே இரண்டு பக்கமும் வெள்ளையாக மின்னுவதைக் காட்டிக் கேட்டார்.

"அக்காவுக்குக் குடும்பக் கட்டுப்பாடு செஞ்சிருக்கு போல?"

விளக்கம் சொல்லத் தொடங்கினால் எங்கே தொடங்குவது. "ஆமா" என்றேன்.

"பிள்ளைங்க பெரிசாகிட்டாங்களா?"

"படிக்கிறாங்க."

அவர் சிரித்துத் தலையாட்டி, கல் ஒன்றும் தெரியவில்லை என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

வெளியே வாங்கில் கணவர் உட்கார்ந்திருந்தார். முகத்தைப் பார்த்ததும், "என்ன, கல்லாமா?" என்று கேட்டார். கல் இல்லை என்றேன். பிறகு உள்ளே நடந்ததைச் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் அவரைத் தவிர வேறு யாரிடம் சொல்வது. அவர் கையிலிருந்த குடையின் பட்டனைப் பூட்டித் திறந்து, பூட்டித் திறந்துகொண்டிருந்தார்.

"எந்த வகுப்புன்னு கேட்டானா?"

"இல்ல."

"கேட்டிருந்தா?"

"ஒண்ணாம் வகுப்புன்னு சொல்லியிருப்பேன்."

அவர் மனதுக்குள் கணக்குப் பார்த்ததை நான் கண்டேன். இரண்டாம் தரம் தங்கியது இருந்திருந்தால் அவ்வளவுதான் வயது. அவர் தலையை ஆட்டினார். எழும்பினார். மாமி சோறாக்கிவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பார் என்றார். மழை விட்டபாடில்லை. ஒரே குடைக்குள் இரண்டு பேரும் நனைந்துகொண்டு பஸ் நிற்கிற இடத்துக்கு நடந்தோம்.