செம்பருத்தி குடித்த கஷாயம்

ஆலிஸ் டீச்சருக்குக் கழுத்தில் நிணநீர்க் கட்டி. மெதுவாக வளரும் வகைப் புற்றுநோய். மருந்தைத் தொடங்கலாம் என்றார் டாக்டர். "எழுபது தாண்டிட்டேன், வலியும் இல்ல. வேண்டாம் டாக்டர்," என்று சொல்லிவிட்டு மந்தைவெளிக்குத் திரும்பிவிட்டார் டீச்சர்.

தம்பி வில்லியம் விடவில்லை. தினமும் காலையில் தேனாம்பேட்டையிலிருந்து ஸ்கூட்டரில் முள்சீத்தா இலைக் கஷாயம் வந்தது. "மூக்கைப் புடிச்சுக்கினு ஒரே மடக்குக்கா!" அவர் தெருமுனை திரும்பியதும் அந்த ஒரே மடக்கு பால்கனிச் செம்பருத்திக்குப் போகும். கசப்பை விழுங்க முடியாது; தம்பி மனதை நோகடிக்கவும் முடியாது.

ஆறு மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் கட்டி பாதிக்குமேல் சுருங்கியிருந்தது. டாக்டர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்த வகை சிலருக்குத் தானாவே அடங்கும்மா. ஏன்னு எங்களுக்கே தெரியாது. திரும்பவும் வரலாம், செக்கப்பை விட்றாதீங்க."

வில்லியம் காதில் 'அடங்கும்' மட்டுமே ஏறியது. சர்ச்சைச் சேர்ந்த தெருக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கும் அன்பியக் கூட்டம் அந்த ஞாயிறு டீச்சர் வீட்டில் நடந்தது. சாட்சி சொல்ல எழுந்த வில்லியம், கஷாயம்தான் அக்காவைக் காப்பாற்றியது என்று தொடங்கி, இலையை எத்தனை கொதி விடவேண்டும் என்பதுவரை சொல்லித்தான் உட்கார்ந்தார்.

கதவோரம் கேட்டுக்கொண்டிருந்தாள் கீழ்வீட்டு மதுமதி. மார்பகப் புற்றுநோய், மறுநாள் அவளுக்கு அடுத்த கீமோ. "அங்கிள், எனக்கும் ஒரு பாட்டில் கொண்டாங்க. நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகல."

டீச்சர் மிக்சர் தட்டைக் கீழே வைத்தார். சிகிச்சையை முழுசாக முடித்தால் குணமாக நல்ல வாய்ப்பு என்று தன் டாக்டர் சொன்னதை, போன வாரம்தான் மதுமதி டீச்சரிடம் சொல்லியிருந்தாள்.

"மது, இங்க வா." பால்கனிக்கு இழுத்துப் போனார். கூட்டமும் பின்னாலேயே வந்தது. "ஆறு மாசமா அந்தக் கஷாயத்தைக் குடிச்சது இதுதான்."

செம்பருத்தியின் கிளையெல்லாம் வெள்ளை வெளேரென்று மாவுப்பூச்சி.

"பூச்சியையே விரட்டல, உன் கட்டியையா விரட்டப்போவுது? என்னுது வேற, உன்னுது வேற. எனக்கு எதனால அடங்குச்சுன்னு டாக்டருக்கே தெரியல."

"ஒரு சொட்டு கூடவா குடிக்கல?" என்றார் வில்லியம் ஈனக்குரலில்.

"மொத நாள் குடிச்சேன்டா. மத்தியானம் வரைக்கும் வாய் கொப்பளிச்சேன்."

மதுமதி சிரித்தாள். சிரிக்கும்போதே கண் கலங்கியது. "வாந்தி தாங்க முடியல ஆன்ட்டி."

"அதை டாக்டர்கிட்ட சொல்லுவோம், மாத்திரை மாத்திக் குடுப்பாங்க. நானும் வரேன்."

காலையில் ஆட்டோ வந்து நின்றது, பின்னாலேயே ஸ்கூட்டர். வில்லியம் கையில் பிளாஸ்க். டீச்சர் முறைத்தார்.

"கஞ்சிதான்க்கா, மதுவுக்கு! செடிக்கு வேப்பெண்ணெயும் வாங்கியாந்துகீறேன்."

டீச்சர் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தார். அப்புறம்தான் ஆட்டோவில் ஏறினார்.