அம்மா குளிக்கும் சத்தம்

குளிக்கப் போன என் மகள் குழாயைத் திறந்தாள். காலி பக்கெட்டில் தண்ணீர் விழுந்ததும் என் கண் வாசல் கதவுக்கு ஓடியது.

சின்ன வயதில் சைதாப்பேட்டையில் இருந்தபோது, அப்பாவைத் தேடிப் போன அம்மா திரும்பவேயில்லை. நானும் அக்காவும் மட்டும்தான். தெரிந்தால் ஹோமில் சேர்த்துவிடுவார்கள் என்று அக்காவுக்குப் பயம். யார் தட்டினாலும் குழாயைத் திறந்துவிட்டு, "அம்மா குளிச்சிகினு கீது" என்பாள். பிறகு அம்மாவின் நைட்டியைப் போட்டுக்கொண்டாள். சோறு ஊட்டினாள், அடித்தாள். நானும் அவளை அம்மா என்றே கூப்பிட்டேன்.

ஒருநாள் கதவு தட்டப்பட்டது. "அம்மா வந்துட்டேன்டி, கதவ தொற!"

தேடிப் போன அம்மாவின் அதே குரல்தான். அக்கா எழுந்து போய்க் குழாயைத் திறந்தாள்.

"அம்மா குளிச்சிகினு கீது" என்று நான் கத்தினேன். தாழ்ப்பாளை நாங்கள் எடுக்கவில்லை.

மகள் குழாயை மூடிவிட்டாள். நான் இன்னும் தாழ்ப்பாளையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.