அறுபத்திரண்டாம் நம்பர் துப்பாக்கி

இது நடந்தது. கட்டிவிட்ட கதை என்று நினைப்பவர்கள், கடலூர் ஆயுதப்படையின் பழைய ஆட்கள் யாரையாவது டீக்கடையில் பிடித்து, "உத்திராபதியோட அறுபத்திரண்டு" என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். பாதி கிளாஸ் டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விடுவார்கள். போலீஸ்காரன் டீயை மிச்சம் வைக்கிறான் என்றால் விஷயம் எவ்வளவு பெரியது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

சர்க்கார் கொடுப்பது நம்பர் போட்ட துப்பாக்கி. மனசு கேட்பது வேறு துப்பாக்கி. கூட வேலை பார்க்கும் பக்கிரிக்கு மஸ்கட் துப்பாக்கிதான் பிடிக்கும், எஸ்.எல்.ஆர். ரைபிளைத் தூக்கினால் நடராஜர் தேரைத் தோளில் வைத்ததுபோல் இருக்கிறது என்பான். ஏட்டு உத்திராபதிக்குப் பதினேழாம் நம்பர் த்ரீ நாட் த்ரீ ரைபிள். அதன் பின்கட்டை தேய்ந்து தேய்ந்து அவர் தோள் குழிக்கு அளவெடுத்த மாதிரி ஆகியிருந்தது. மற்ற த்ரீ நாட் த்ரீயைச் சுட்டால் தோள்பட்டை கழன்று பக்கத்து ஊரில் போய் விழும். பதினேழு மட்டும் செல்லமாக ஒரு இடி இடித்துவிட்டுச் சும்மா இருக்கும். அதன் வாரில் பச்சைத் துணி சுற்றி வைத்திருந்தார். இருபத்து நாலு வருடத்தில் சம்சாரம் தோளில் கைபோட்டதைவிட அந்தத் துப்பாக்கியைத் தோளில் போட்டதுதான் ஜாஸ்தி.

பிடிக்காத நம்பர் கைக்கு வந்தால் அதற்கும் ஒரு வழி உண்டு. "மாத்திக்கலாமா?" என்பான் ஒருவன். மற்றவன் பேசாமல் நீட்டுவான். பதிவேட்டில் ஒரு நம்பர், கையில் வேறு நம்பர். பாரா, அதாவது காவல் முறை, முடிவதற்குள் திருப்பி மாற்றிக்கொள்வார்கள். எல்லோரும் செய்வது, யாரும் எழுதி வைக்காதது. மாட்டினால் மட்டும் மெமோ, சஸ்பென்ஷன், எல்லாம் வரிசையாக வரும்.

2011, ஏப்ரல் 13. தேர்தல் முடிந்தது. எண்ணிக்கை மே 13. ஒரு மாதம் ஓட்டுப் பெட்டிகளுக்குக் காவல். சிதம்பரத்தில் ஒரு கல்லூரிக் கட்டடம். உத்திராபதிக்கு ஐம்பத்தொரு வயது. இரண்டு முழங்காலிலும் வலி. ஆனால் ஜூலை வந்தால் இருபத்தைந்து வருட சர்வீஸ் முடிந்து ஸ்பெஷல் எஸ்.ஐ. ஆகிவிடுவார். அதுவரை அவர் பேரில் ஒரு சின்ன மெமோகூட விழக்கூடாது. விழுந்தால் தோளில் ஏறவேண்டிய நட்சத்திரம் போச்சு.

காவலுக்குக் கிளம்பிய காலை, கடலூர் ஆயுத அறையில் சாமிக்கண்ணு உதட்டைப் பிதுக்கினார். துப்பாக்கிகளுக்கு அவர்தான் பொறுப்பு. பதினேழின் குண்டைத் தட்டும் ஊசி உடைந்து ரிப்பேரில் கிடந்தது.

"வேற குடு மச்சான்."

"எல்லாம் போயிடுச்சி. அறுபத்திரண்டுதான் இருக்கு."

"அத யாரும் எடுக்கறதில்லயே. ஏன்?"

சாமிக்கண்ணு பதிவேட்டைத் திருப்பி வைத்தார். பேனாவை நீட்டினார். உத்திராபதி கையெழுத்துப் போட்டார்.

முதல் வாரமே வார் நீளமாக இருந்தது. ஏழடி ஆளுக்கு வைத்த மாதிரி. இவர் ஐந்தரை அடி. இழுத்துச் சுருக்கினார். அடுத்த பாராவுக்கு எடுத்தபோது மறுபடி நீளம்.

"டேய் பக்கிரி, எவன்டா இத நோண்டறது?"

"உன் துப்பாக்கியத் தொட எனக்கு வேண்டுதலா மாமா?"

இரண்டு மணி நேரம் நில். நாலு மணி நேரம் படு. எழுந்திரு, நில். கத்திரி வெயிலில் காக்கை பறந்தால் வறுவலாகத்தான் கீழே விழும் போலிருந்தது. அலுப்பில் மனுஷனுக்குப் பயப்படக்கூடத் தெம்பில்லை. வலப்பக்கம் சாய்த்து வைத்த துப்பாக்கி இடப்பக்கம் இருந்தது. சரி, என்றார். மரக்கட்டையில் காலையில் ஈரக் கைத்தடம் இருந்தது. துடைத்தார். குழாய்க்குள் மூக்கை வைத்தால் எண்ணெய் வாசனை இல்லை. உப்பங்கழிச் சேற்று வாசனை. பிச்சாவரம் பக்கத்தில்தானே, காற்றில் வந்திருக்கும், என்றார்.

மே 8. ஞாயிறு. இருபத்தாறாம் நாள்.

பகல் பன்னிரண்டு முதல் இரண்டு வரை அவர் பாரா. கட்டடத்தின் பின் வராந்தா. ஒரே வழி. அதன் முனையில் பூட்டிய இரும்புக் கதவு. அந்தப் பக்கம் பக்கிரியின் கட்டில்.

12.00. கரண்ட் போனது. மின்விசிறி நாலு சுற்று சுற்றி நின்றது.

12.40. முழங்கால் கெஞ்சியது. சுவரில் சாய்ந்தார். கண் தரையில்.

1.05. சத்தம்.

சளக்... டக். சளக்... டக்.

ஈரக்கால் ஒன்று. பூட்ஸ் கால் ஒன்று.

பூட்டிய கதவுப் பக்கமிருந்து வந்தது.

பக்கிரி குளித்துவிட்டு வருகிறான் என்று நினைத்தார். தலை தூக்கவில்லை. அலுப்பு.

சத்தம் எதிரே வந்து நின்றது.

தரையில் தண்ணீர் சொட்டியது. சொட்... சொட்... இடது காலில் மட்டும் பூட்ஸ். மற்றது வெறுங்கால். விரல்கள் வெளுத்து ஊறியிருந்தன.

"அண்ணே..."

தொண்டைக்குள் தண்ணீர் நிற்கும் குரல்.

"மாத்திக்கலாமா?"

இருபத்து நாலு வருடப் பழக்கம். யார், எவர் என்று கேட்கவில்லை. கை தானாக நீண்டது. எதிர்க்கை இடது கை. பனிக்கட்டிக் குளிர். அறுபத்திரண்டு போனது. வேறொன்று வந்தது.

தோளில் போட்டார். ஆகா. குழிக்குள் அப்படியே உட்கார்ந்தது.

அப்போதுதான் விழித்தார்.

குனிந்து பார்த்தார்.

பச்சைத் துணி.

பதினேழு.

நிமிர்ந்தார்.

யாரும் இல்லை.

1.07.

கறுப்புச் சேற்றுத் தடம். கதவிலிருந்து அவர் வரைக்கும். திரும்பிப் போன தடம்... இல்லை.

இரண்டு மணிக்குப் பக்கிரி பூட்டைத் திறந்து வந்தான். நம்பரைப் பார்த்தான். முகம் செத்துப்போனது.

"மாமா, பதிவேட்டுல அறுபத்திரண்டு இருக்கு. இது ஏது? அது எங்க?"

"தெரியலடா."

"மூணு மணிக்கு இன்ஸ்பெக்டர் செக்கிங்கு வராரு. போச்சு மாமா உன் நட்சத்திரம்!"

உத்திராபதி கடலூரில் சாமிக்கண்ணுக்குப் போன் போட்டார்.

"மச்சான், அறுபத்திரண்டக் காணோம். பதினேழு என் கையில இருக்கு."

"வெயில்ல மூள உருகிடுச்சா? பதினேழு என் ரூம்ல இருக்கு. காலையில பூட்டுனேன், இன்னும் தொறக்கல. இரு, பாத்துட்டுச் சொல்றன்."

பூட்டு திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு துப்பாக்கிகளை ஒவ்வொன்றாக நகர்த்தும் சத்தம்.

"மச்சான்... பதினேழு இல்ல. ஒடஞ்ச ஊசி மட்டும் மேசையில கெடக்கு. துப்பாக்கி ராக்குல அறுபத்திரண்டு நிக்கிது. தண்ணி சொட்டுது."

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நாற்பது கிலோமீட்டருக்கு மேல்.

சாமிக்கண்ணு வேறொன்றும் கேட்கவில்லை. "பன்னெண்டு மணிக்கு அறுபத்திரண்ட வாங்கிக்கிட்டுப் பதினேழக் குடுத்து அனுப்பிச்சதா இங்க எழுதறன். நீயும் அங்க அப்புடியே எழுது," என்று போனை வைத்தார். மூன்று மணிக்கு வந்த இன்ஸ்பெக்டர் நம்பரைப் பார்த்தார், பதிவேட்டைப் பார்த்தார், தலையாட்டிவிட்டுப் போனார். துப்பாக்கிக்குள் ஊசி இருக்கிறதா என்று யாரும் பார்க்கவில்லை. உத்திராபதி பார்த்தார். இருந்தது. உப்பு பூத்திருந்தது.

ஜூலையில் நட்சத்திரம் வந்தது. திருப்பாதிரிப்புலியூர் ரயில்வே ஸ்டேஷன் எதிரே இனிப்பு வாங்கிக் கொடுத்து உத்திராபதி கேட்டார்.

"இப்பவாவது சொல்லு. அறுபத்திரண்டு யாரோடது?"

சாமிக்கண்ணு இனிப்பைத் தொடவில்லை.

"செம்பியன்னு ஒரு பையன். நெட்டையன். எடது கைக்காரன். வேற துப்பாக்கியத் தொடமாட்டான். ரெண்டாயிரத்து நாலு, டிசம்பர் இருபத்தாறு. பிச்சாவரம் பக்கம் பந்தோபஸ்து. சுனாமின்னு கடல் வந்திச்சே, அன்னிக்கு. மூணாம் நாள் சுரபுன்ன மரத்து வேருக்குள்ள நாங்கதான் கண்டுபுடிச்சோம். ஒத்த பூட்ஸு. கையில துப்பாக்கி. வெரல் பிரியல. நாலு பேரு இழுத்தும் வரல. துப்பாக்கி வரலன்னா கணக்கு முடியாதுன்னு மேலதிகாரிங்க சத்தம்."

"அப்புறம்?"

"நான் அவன் காதுல சொன்னன் மச்சான். 'செம்பியா, மாத்திக்கலாம்டா, குடு'ன்னு. வெரலு தானா பிரிஞ்சிச்சு."

"பதிலுக்கு என்ன குடுத்த?"

"ஒண்ணுமே குடுக்கல."

ரயில் ஒன்று வந்து நின்று, கிளம்பிப் போனது. 

"போன வாரம் ஆயுதக் கணக்கு எடுக்க வந்தாங்க. அறுபத்திரண்ட ராக்குலேர்ந்து எடுக்கப் போனன். வரல. ரெண்டு பேரு சேந்து இழுத்தோம். அந்தப் பக்கத்துலேர்ந்து இழுக்குது மச்சான். எல்லாரையும் வெளிய அனுப்பிச்சிட்டு, பக்கத்துல போயி மெதுவா, திரும்பவும் 'மாத்திக்கலாம்டா, குடு'ன்னே சொல்லிப் பாத்தன்..."

"என்னாச்சி?"

"இந்தத் தடவ வுடல."