வெயில் படாத கொல்லைக்கு என்ன செடி?

பழனிசெட்டிபட்டியில் நர்சரி நடத்துகிறேன். நிழலில் வைக்கச் செடி வேண்டும் என்று வருகிறவர்கள் பெரும்பாலும் ரோஜா முன்னால் போய் நிற்பார்கள். வெயில் இல்லாமல் பூக்காது என்று சொன்னால், எனக்கு விற்க மனமில்லை என்று நினைப்பார்கள். தனபால் அண்ணாச்சி அந்த ரகமில்லை. அவர் ஏலக்காய்ச் செடி வைக்கச் சொன்னார்.

அண்ணாச்சி போடியில் ஏலக்காய் வியாபாரி. மலைமேல் சொந்தத் தோட்டம் உண்டு. அவர் மனைவி அன்னத்தாயம்மா கல்யாணமானதிலிருந்து அந்தத் தோட்டத்து வீட்டில்தான் இருந்தார். முழங்கால் தேய்ந்துவிட்டது, இனி மேடு பள்ளம் ஏறக்கூடாது என்று டாக்டர் சொன்னதால் போடிக்கு வந்தார். வந்த நாளிலிருந்து, கோயம்புத்தூரில் இருக்கும் மகள் வீட்டுக்கே போய்விடுகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணாச்சியால் வியாபாரத்தை விட்டுப் போக முடியாது. இந்த வயதில் ஆளுக்கொரு ஊரா என்று பயந்து போயிருந்தார்.

கொல்லையைப் போய்ப் பார்த்தேன். இரண்டு பக்கமும் மாடிக் கட்டடம். உச்சி வேளையில் குழாயடியில் மட்டும் கொஞ்சம் வெயில் விழும். பின்கதவு ஒரு சந்தில் திறக்கும், ஆனால் பூட்டியே கிடந்தது.

"ஏலம் வையி. தோட்டத்துல இருக்க மாதிரியே இருந்தா அவளுக்கு மனசு ஆறிரும்" என்றார் அண்ணாச்சி.

"நிழல் மட்டும் போதாது அண்ணாச்சி. அதுக்கு மலைக் குளிரு வேணும். இங்கன அடிக்கிற அனலுக்குத் தாங்காது."

"ஏலத்தப் பத்தி எனக்கே சொல்றியாக்கும்?"

அவர் சொன்னபடியே வைத்தேன். அண்ணாச்சி பனி மாதிரித் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரேயர் மாட்டினார். அப்புறம், வெயிலே வராத கொல்லைக்கு மேலே பச்சை ஷேட் நெட்டும் கட்டினார். கோடை வந்ததும் இலைகள் நுனியிலிருந்து காய்ந்தன. வேறு கன்றுகள் கொண்டுவந்தார். அவை இன்னும் சீக்கிரம் காய்ந்தன.

அடுத்து என்னைக் கூப்பிட்டபோது, செடிகளுக்கு ஏர்கூலர் வைப்பதைப் பற்றிப் பேசினார். சமையலறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அன்னத்தாயம்மா அன்றைக்குத்தான் வாய் திறந்தார்.

"ஏத்தா, இவுக எனக்காகத்தான் செடி வைக்கிறாகளாம். என்ன வேணும்னு எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டாகளா?"

அண்ணாச்சி குனிந்து ஸ்பிரேயர் குழாயைத் திருகினார். நான் ஷேட் நெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அட்டைக்கடியோட பாத்த செடிதான் அது. அதப் பாக்காட்டி எனக்கென்ன? அங்கன நாள் முழுக்க வேலைக்கு வர்ற பிள்ளைக சுடுதண்ணி குடுங்க, தலைவலி மாத்திரை குடுங்கன்னு வாசலுக்கு வந்துக்கிட்டே இருக்கும். இங்கன விடிஞ்சா அடைஞ்சா ஒரு மனுச முகம் இல்ல."

பூவுக்கு, பழத்துக்கு, கொசு வராமலிருக்க என்று என்னிடம் செடி கேட்டிருக்கிறார்கள். ஆள் வருவதற்குச் செடி யாரும் கேட்டதில்லை. கொஞ்சம் யோசித்தேன்.

"வெத்தில வைக்கலாம்மா" என்றேன்.

வெற்றிலைக்கு வெளிச்சம் போதும், நேர் வெயில் வேண்டாம். ஈரம் இருந்தால் நம் பக்கத்துச் சூட்டைத் தாங்கிக்கொள்ளும். குழாயடி வெயிலில் கற்பூரவள்ளி வைக்கலாம். பிள்ளைக்குச் சளி என்றாலும், வீட்டில் விசேஷம் என்றாலும் தெருவே வந்து கேட்கும்.

"வீடு சந்தக்கடை ஆயிரும்டி" என்றார் அண்ணாச்சி.

"ஆகட்டும்" என்றார் அந்தம்மா.

நெட்டைக் கழற்றிவிட்டுக் கொடியை நட்டேன். மூலைகளில் அழகுக்குப் பெரணிச் செடியும் வைத்தேன். அதை இதுவரை யாரும் கேட்டு வரவில்லை.

மழைக்காலம் முடிந்து எரு போடப் போனேன். கொடி, கை எட்டும் உயரம் வரைக்கும் மொட்டையாக இருந்தது. பின்கதவு திறந்திருந்தது. அம்மாவின் நாற்காலியைச் சுற்றி மூன்று பெண்கள் உட்கார்ந்து, யாரோ ஒரு மருமகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அண்ணாச்சி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஒரு கொடி பத்தல தாயி. சாப்பிட்டுப் போட எனக்கு ஒரு வெத்தில மிஞ்ச மாட்டேங்குது" என்றார்.

"அம்மா கோயம்புத்தூருக்கு எப்பப் போறாக?"

எனக்கு நாற்காலியிலிருந்து பதில் வந்தது. "எங்கிட்டுப் போக? நான் போனா, இவுகளா கதவத் தொறந்து இலை பறிச்சுக் குடுப்பாக?"

அண்ணாச்சி சிரிக்கப் பார்த்தார், கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான்.

இப்போதெல்லாம் நிழலுக்குச் செடி கேட்டு வருகிறவர்களிடம், வெயில் எந்தப் பக்கம் விழும் என்பதை அப்புறம்தான் கேட்கிறேன். அந்த நிழலில் உட்காரப் போகிறவர் யாரோ, முதலில் அவரைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்கிறேன்.