தேர்வு மையம்: ஆவடி

என் கணவர் விமானப்படையில் இன்ஜின் டெக்னீஷியன். விமானங்கள் எந்த ஊருக்கு அனுப்பப்படுகின்றனவோ அந்த ஊருக்கு அவற்றைப் பராமரிக்கும் ஆட்களும் போக வேண்டும். டிடாச்மென்ட் என்பார்கள். இரண்டு மாதம் என்று சொல்லிப் போவார், நான்கு மாதம் ஆகும். அதனால்தான் நானும் பாப்பாவும் ஆவடி பக்கத்தில் வெள்ளானூரில் மாமியார் வீட்டிலேயே இருக்கிறோம்.

பிளஸ் டூ முடித்ததும் வேலையில் சேர்ந்தவர் அவர். கல்யாணமான வருடம் தபால் வழியில் பட்டப்படிப்பில் சேர்ந்தார். அவரோடு வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர், இருபது வருடம் விமானத்தைத் தொட்ட அதே கையால், இப்போது அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கம்பெனி வாசலில் வண்டி நம்பர் எழுதிக்கொண்டிருக்கிறார். கையில் டிகிரி இல்லை, அவ்வளவுதான் காரணம். அவரைப் பார்த்துவிட்டு வந்த அன்று என் கணவர் சாப்பிடவில்லை.

படித்தது அவர். மற்றதெல்லாம் நான் பார்த்துக்கொண்டேன். அசைன்மென்ட்டைக் கொண்டுபோய்க் கொடுப்பேன், ஹால் டிக்கெட்டை பிரின்ட் எடுத்து அனுப்புவேன். பாடங்களைச் சத்தமாக வாசித்துப் பதிவுசெய்தும் அனுப்புவேன். ஷிப்ட் முடிந்து கட்டிலில் படுத்தபடி கேட்பார். ஒரு முறை, "பொருளாதாரம் மூணாவது பாடத்துல நடுவுல கோலமாவு விக்கிறவரு வர்றாரு. அதனாலயே அந்தப் பாடம் மறக்கல" என்றார்.

படிப்பை முடிக்கக் கொடுத்த ஆறு வருடப் பதிவுக்காலம் முடிய ஒரே ஒரு தேர்வுதான் மிச்சம் இருந்தது. அதில் அவர் எழுத வேண்டியதும் ஒரே ஒரு பேப்பர்தான். இரண்டு முறை டிடாச்மென்ட்டால் தவறிப்போனது அது. இந்த முறையும் விட்டால் எல்லாமே போய்விடும்.

விண்ணப்பிக்கக் கடைசி நாள் அன்று நான் ஆவடியில் ஒரு பிரவுசிங் சென்டரில் பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதுவரை தள்ளிப்போட்டது என் தப்புதான். பாப்பாவுக்குக் காய்ச்சல், எனக்குப் பயம், ஏதோ ஒன்று. ஓடிபி அவருடைய போனுக்குத்தான் போகும். விமானங்களை நிறுத்திப் பழுதுபார்க்கும் ஹேங்கருக்குள் போன் கொண்டுபோகக் கூடாது, வாசலிலேயே வைத்துவிட்டுப் போக வேண்டும். காலை டீ இடைவேளைக்கு வெளியே வந்தால்தான் அவர் கையில் போன். அந்தப் பத்து நிமிடத்துக்காகக் காத்திருந்தேன்.

கூப்பிட்டார். எண்ணைச் சொன்னார். அடுத்த பக்கம் திறந்தது.

"ஏங்க, சென்டர் எந்த ஊரு போடட்டும்?"

"நீயே பாத்துப் போடும்மா. கூப்புடுறாங்க, வச்சுடுறேன்."

நாடு முழுக்க உள்ள ஊர்கள் வரிசையாக வந்தன. அவர் அப்போது இருந்த பாலைவன ஊரும் அதில் இருந்தது. நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று இப்போது சொல்லிக்கொள்ள முடியாது. அந்தப் பெயரின் மேல் அம்புக்குறியைக் கொண்டுபோய் நிறுத்தினேன். பிறகு கீழே இறக்கி ஆவடியை அழுத்தினேன்.

எங்களைப் போன்ற குடும்பங்களில் இது வழக்கம்தான். சொந்த ஊரில் பரீட்சை என்று ஹால் டிக்கெட்டைக் காட்டினால் லீவ் கொடுத்துவிடுவார்கள். நாங்களே அப்படி இரண்டு தடவை லீவ் வாங்கியிருக்கிறோம். தேர்வு தேதிக்கு இரண்டு வாரம் முன்னாலேயே டிடாச்மென்ட் முடிந்துவிடும் என்றுதான் அவரும் சொல்லியிருந்தார். அதனால் தப்பில்லை என்று நினைத்தேன். அவர் கடைசியாக வீட்டுக்கு வந்துபோய் ஐந்து மாதம் ஆகியிருந்தது. பாப்பா அவரைப் போனில் பார்த்தால் சிரிப்பாள். நேரில் பார்த்தால் அழுவாளோ என்று எனக்கு ஒரு கவலை. இதையெல்லாம் அந்த நிமிடத்தில் நினைத்தேனா, பிறகு சேர்த்துக்கொண்டேனா, தெரியவில்லை.

மூன்று வாரம் கழித்து அவர் கூப்பிட்டார். டிடாச்மென்ட் நீட்டிக்கப்பட்டுவிட்டது. எல்லோருக்கும் லீவ் ரத்து.

"சென்டர் மாத்த முடியுமான்னு கேளேன்" என்றார். கோபம் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

மறுநாளே பாப்பாவைத் தூக்கிக்கொண்டு அம்பத்தூரில் இருக்கும் படிப்பு மையத்துக்குப் போனேன். அங்கே இருந்தவர் நல்ல மனிதர்தான், பாப்பா பக்கம் மின்விசிறியைத் திருப்பிவிட்டார்.

"ஸ்டூடண்ட் யாரும்மா? நீயா?"

"என் வீட்டுக்காரர் சார்."

"அவரை வரச் சொல்லு."

"அவரால வர முடியாததாலதான் சார் நான் வந்திருக்கேன்."

"அப்ப பரீட்சைக்கு மட்டும் எப்படிம்மா வருவாரு?"

பக்கத்து மேஜையில் யாரோ சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டு, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். மையம் மாற்றும் தேதி முடிந்து நான்கு நாள் ஆகிறது, கம்ப்யூட்டரே ஏற்றுக்கொள்ளாது என்று திரையைத் திருப்பிக் காட்டினார். மனு எழுதிக் கொடுத்தேன். வாங்கி வைத்துக்கொண்டார். வேறு யாரைப் பார்க்கலாம் என்று கேட்டேன். "யாரைப் பாத்தாலும் இதையேதாம்மா சொல்லுவாங்க" என்றார். பஸ்ஸில் திரும்பும்போது பாப்பா என் தோளில் தூங்கிவிட்டாள். எனக்கு வாய்விட்டு அழ வேண்டும் போலிருந்தது. பக்கத்தில் ஒரு அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டு வந்தார், அதனால் அழவில்லை.

தேர்வு நாள் வந்தது. அவர் ஆயிரம் மைலுக்கு அப்பால் இன்ஜினுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னிக்கித்தான பரிச்ச?" என்றார் மாமியார், வெங்காயம் உரித்தபடி. "இன்னா அதிகாரிங்களோ. ஒரு நாளு வுட்டா பிளேனு இன்னா கீய வுயுந்துடுமா?"

"விழுந்துடும் அத்தை. அதான் விடல."

"எப்பயும் அவங்களுக்கே பேசு நீ" என்றார்.

பதினொரு மணிக்கு அவருடைய டீ இடைவேளை. கூப்பிட்டார். பின்னால் ஏதோ இன்ஜின் ஓடும் சத்தம்.

"எங்க க்ரூவுல ஒரு பையன் இன்னிக்கி எக்ஸாம் எழுதப் போயிருக்கான். அதே யுனிவர்சிட்டி. இந்த ஊர்லயே சென்டராம். கேம்ப்ல இருந்து வண்டி குடுத்து அனுப்பிட்டாங்க."

நான் பாப்பாவை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டேன்.

"உனக்கு லிஸ்ட்ல இந்த ஊரு காட்டலியா?"

காட்டவில்லை என்று சொல்லியிருக்கலாம். அவர் நம்பியிருப்பார். தான் பார்க்காத வேலைக்கு விமானப் பராமரிப்பு ஏட்டில் கையெழுத்துப் போடமாட்டார் அவர், அந்த விஷயத்தில் யாருக்கும் வளைய மாட்டார். ஆனால் நான் சொல்வதை ஒருநாளும் சரிபார்த்ததில்லை.

"காட்டுச்சு" என்றேன். "லீவ் கிடைக்கட்டும்னு ஆவடி போட்டேன்."



"எனக்கு லீவ் வாங்கிக் குடுக்கத்தான பண்ண" என்றார். "விடு. நானா இருந்தாலும் அதத்தான் போட்டிருப்பேன்."

அவருக்கு லீவ் கிடைக்க வேண்டும் என்பதற்காக இல்லை, எனக்கு அவர் வேண்டும் என்பதற்காக. அதைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவரைக் கூப்பிட்டுவிட்டார்கள். நான் செய்யாத ஒன்றுக்கு என்னை மன்னித்துவிட்டுப் போனை வைத்துவிட்டார்.

மறுபதிவுக்கு விண்ணப்பம் அனுப்பியிருக்கிறேன். பழைய மதிப்பெண்களைச் சேர்த்துக்கொள்வார்களா, முதலிலிருந்து தொடங்கச் சொல்வார்களா, இன்னும் பதில் இல்லை. தினமும் காலையில் மின்னஞ்சலைத் திறந்து பார்க்கிறேன். அவர் இப்போதெல்லாம் அதைப் பற்றிக் கேட்பதில்லை. கேட்டால் நன்றாக இருக்கும் என்று தோன்றுகிறது. கேட்டுவிட்டால் என்ன சொல்வேன் என்றும் தெரியவில்லை.