டப்பாவிலிருந்து பூஜைக்குப் போன கல்

வானத்திலிருந்து விழுந்த கற்களைச் சேர்த்தவன் நான் என்று சொன்னால், இன்றைக்கும் எதிரில் இருப்பவர் என்னை ஏற இறங்கப் பார்க்கிறார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளில், பம்பாய் மாட்டுங்காவில், கேட்கவே வேண்டாம். ஃபோர்ட் பகுதியில் குமாஸ்தா வேலை, கல்யாணம் ஆகவில்லை, பெட்டிக்குள் கல். பைத்தியம் என்று சொல்ல வேறென்ன வேண்டும்?

ஆனால் எந்தக் கல்லானாலும் சரி என்று நான் வாங்கிவிடமாட்டேன். அது விழுந்ததைக் கண்ணால் கண்ட ஆள் இருந்திருக்க வேண்டும். எந்த ஊர், எந்த வருஷம், யார் பார்த்தார்கள் என்ற சீட்டும் கூட வர வேண்டும். சீட்டில்லாத கல்லை இனாமாகக் கொடுத்தாலும் தொடமாட்டேன். அப்படி ஒரு திமிர்.

என்னிடம் இருந்தது மொத்தம் ஆறு. ஐந்து வெறும் புளியங்கொட்டை அளவு. ஆறாவதுதான் என் சொத்து. எலுமிச்சம்பழம் போல உருண்டை, கன்னங்கரிய தோல், ஒரு பக்கம் கட்டைவிரலை அழுத்தியது போல ஒரு பள்ளம். என் அப்பா பிறப்பதற்கு முன்பு, ஒரு பகல் வேளையில், தெற்கே ஒரு கடலைக் காட்டில் இடிச் சத்தத்தோடு அது விழுந்திருக்கிறது. களையெடுத்துக்கொண்டிருந்த ஒன்பது பெண்கள் ஒரே சமயத்தில் தலை நிமிர்ந்து பார்த்தார்களாம். அந்தச் சீட்டைப் படிக்கும்போதெல்லாம் எனக்குப் பொறாமையாக இருக்கும். நான் எதைப் பார்த்தாலும் தனியாகத்தான் பார்த்தேன்.

குடியிருந்தது ஒரு பாலக்காட்டுத் தம்பதியின் வீட்டு முன்னறையில். உறவு எதுவும் இல்லை. வயதில் மூத்தவர்கள் என்பதால் மாமா, மாமி. நான்கு வருஷமாக மாமா என்னை "மிஸ்டர்" என்றுதான் கூப்பிட்டார். சாப்பாடு எனக்கு மெஸ்ஸில். ஞாயிற்றுக்கிழமைகளில் முழுநாளும் யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் இருந்துவிட்டு, திங்களன்று லோக்கல் ரயிலில் "நகருங்கள்" என்று சொல்லும்போது என் குரலே எனக்குப் புதிதாகக் கேட்கும்.

பேசுவதெல்லாம் கடிதத்தில். திருச்சியில் ஒரு பள்ளிக்கூட ஆசிரியர், மனைவியை இழந்தவர், என்னைப் போலவே கல் பைத்தியம். அந்த ஆறாவது கல்லைக் கேட்டு அவரும் அது விழுந்த ஊருக்கு எழுதியிருந்தார். நான் ஒரு வாரம் முந்திக்கொண்டேன். வேறு யாராவது என்றால் வைதிருப்பார்கள். அவர், "ஒரு தடவை கையில் வாங்கிப் பார்க்கக் கொடுத்தால் போதும்" என்று எழுதினார். ஐந்து வருஷம் எழுதிக்கொண்டோம். நவராத்திரி லீவுக்கு வருகிறேன் என்று கடைசியில் எழுதியபோது, நான் நாட்களை எண்ண ஆரம்பித்தேன்.

அதற்கு முன், மழைக்காலத்தில், ஆபீஸில் என்னை இரண்டு மாதம் நாக்பூருக்கு அனுப்பினார்கள். இந்தக் கற்களுக்குள் இரும்பு உண்டு; பம்பாய் ஈரம் ஆகாது. பிஸ்கட் டப்பாவில் சுட்ட சுண்ணாம்புக் கட்டியைப் போட்டு, கற்களை அடுக்கி, பெட்டிக்குள் பத்திரமாக வைத்துவிட்டுத்தான் போனேன்.

திரும்பி வந்த காலையில் மாமா வாசலிலேயே பிடித்துக்கொண்டார். என் அறைக் கூரை ஒழுகி, பெட்டி நனைந்து, சாமான்களைக் காயவைக்க எடுத்தபோது டப்பா திறந்திருக்கிறது.

"என்னடா நீ! சாளக்கிராமத்தைப் பிஸ்கட் டப்பாலெ அடைச்சுட்டுப் போயிருக்கியே! இருக்கற ஆத்துலெ ஒரு நாள் நைவேத்தியம் முடங்கப்படாதுன்னு தெரியாதோ? நரசிம்மமாக்கும் இது. ரெண்டு மாசமா நான்தான் அபிஷேகம் பண்ணி அன்னம் காட்டிண்டிருக்கேன்."

பூஜை அலமாரியில், வெள்ளித் தட்டில், துளசிக்கு நடுவில் என் கல். தினமும் தண்ணீர், பால், மறுபடி தண்ணீர். கரிய தோலில் செம்பழுப்பாகத் துரு இறங்கியிருந்தது. மாமா அதைப் பெருமையோடு காட்டினார். "பாத்தியா, குங்கும வர்ணம் வரது. உக்ரமூர்த்தி."

எனக்குக் காது மடல் சுட்டது. "மாமா, அது" என்று ஆரம்பித்தேன். உள்ளிருந்து மாமியின் குரல் வந்தது.

"எலை போட்டாச்சு. அவனையும் ஒக்காரச் சொல்லுங்கோ. அவனோட சாளக்கிராமத்துக்குக் காட்டின அன்னமாக்கும், அவன் மெஸ்ஸுலெ போய்ச் சாப்பிடுவானோ?"

உட்கார்ந்தேன். மாமி இரண்டாம் தடவை சாதம் போட வந்து, "என்னடா இப்படி எளைச்சுப் போயிருக்கே?" என்றாள். நான் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மறுநாளும் இலை போட்டார்கள். அதற்கு மறுநாளும். கல்லில் ஒரு விரிசல் விழுந்தது. அதைப் பார்த்துக்கொண்டே மோர் சாதம் பிசைந்தேன்.

ஆசிரியருக்கு எழுதித் தடுத்திருக்கலாம். இன்று எழுதலாம், நாளை எழுதலாம் என்று இருந்துவிட்டேன். "புறப்பட்டுவிட்டேன்" என்று கார்டு வந்துவிட்டது.

தாதர் ஸ்டேஷனில் இறங்கினார். மெலிந்த மனிதர், கதர் ஜிப்பா, ஒரு பூதக்கண்ணாடியைத் துணியில் சுற்றிக் கையிலேயே வைத்திருந்தார். வீட்டுக்கு நடந்து வரும்போது சொன்னேன். "கூரை ஒழுகிப் பெட்டியெல்லாம் நனைஞ்சுபோச்சு. சாமானை வெளியே எடுத்து வைச்ச எடத்துலெ அந்தக் கல் தொலைஞ்சு போயிடுத்து."

அவர் நின்றுவிட்டார். பிறகு பூதக்கண்ணாடியைப் பைக்குள் போட்டுக்கொண்டு, "போறது போங்கோ. ஒங்களைப் பாக்கவும்தானே வந்தேன்" என்றார்.

நாங்கள் போனபோது பூஜை முடிந்திருந்தது. மாமா வாய் நிறைய வரவேற்று, உத்தரணியில் தீர்த்தம் கொடுத்தார். ஆசிரியர் உள்ளங்கையில் வாங்கி உறிஞ்சினார். துளசி, பச்சைக்கற்பூரம், அவற்றுக்கு அடியில் இரும்பு. எனக்கு அந்த ருசி பழகிப்போயிருந்தது. அவர் கையை இறக்காமல் தட்டைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். என் பக்கம் திரும்பவே இல்லை. மாமாவிடம், "இன்னொரு தரம் கொடுங்கோ" என்று கையை நீட்டினார்.

மறுநாள் ரயிலேற்றப் போனேன். வண்டி நகரும்போது ஜன்னல் வழியாக, "அந்த மாமி நன்னாப் பரிமாறறா. அந்த எடத்தை விட்டுடாதீங்கோ" என்றார்.

அதன் பிறகு அவரிடமிருந்து கடிதம் வரவில்லை. நான் நான்கு கடிதம் போட்டேன், நான்கிலும் உள்ளதை உள்ளபடி எழுதினேன். பதில் இல்லை. அவர் அன்றைக்கு வாய்விட்டு ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்த இடத்திலேயே கல்லை எடுத்து அவர் கையில் கொடுத்திருப்பேன் என்று பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தேன். கொடுத்திருக்கமாட்டேன். மாமி அன்று எனக்குப் பிடிக்கும் என்று பூசணிக்காய் எரிசேரி பண்ணியிருந்தாள்.