வெள்ளிக்கிழமைக் கோளாறு

எங்கள் வம்சத்தின் முதல் எஞ்சினியர் நான்தான். அப்போது நான் பத்து வயதுச் சிறுமி. இதை இன்றுவரை வீட்டில் யாரும் ஒப்புக்கொள்வதில்லை. ஆனால் பட்டுக்கோட்டைக்குப் பக்கத்தில் எங்கள் தெருவிலேயே முதன்முதலாக பிராட்பேண்ட் வந்தது எங்கள் வீட்டுக்குத்தான், அந்த மோடத்தின் விளக்குகளைப் படிக்கத் தெரிந்த ஒரே ஆளும் நான்தான். மொத்தம் நாலு விளக்கு. நாலும் பச்சையாக அசையாமல் எரிந்தால் குவைத்தில் இருக்கும் அப்பா தெரிவார். இரண்டாவது விளக்கு மினுக்கத் தொடங்கினால் அப்பா போய்விடுவார்.

அப்பா குவைத்துக்குக் கிளம்பியபோது தம்பி அம்மா வயிற்றில் ஐந்து மாதம். பிறந்த பிள்ளையை அவர் போட்டோவில்தான் பார்த்திருந்தார். வெள்ளிக்கிழமை அவருக்கு விடுமுறை என்பதால் வாராவாரம் அன்று சாயங்காலம் நாலு மணிக்கு வீட்டு போனில் கூப்பிடுவார். தம்பியின் காதில் ரிசீவரை வைத்தால் அவன் அதைத் திருப்பிக் கடிப்பான். அந்தச் சத்தத்துக்கே அங்கே சிரிப்பு கேட்கும். "இவன் ஓட ஆரம்பிக்கிறதுக்குள்ள ஒருதரமாவது கண்ணால பாத்துடணும்" என்று அம்மாவிடம் சொல்லிச் சொல்லி, கடைசியில் கம்ப்யூட்டர், கேமரா, காதில் மாட்டிக்கொள்கிற மைக் எல்லாம் வாங்க ஏற்பாடு செய்துவிட்டார். தம்பி அப்போதுதான் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கப் பழகியிருந்தான். இனிமேல் போன் எதற்கு, முகத்தைப் பார்த்தே பேசலாம் என்று அந்த வாரத்தோடு போன் பேச்சு நின்றது.

முதல் வெள்ளிக்கிழமை அப்பாவின் நெற்றியும் மீசையும் வந்தன. அம்மா காதில் மைக்கை மாட்டிக்கொண்டு "கேக்குதா? ஏங்க, கேக்குதா?" என்று தெருக்கோடி வரை கேட்கும்படி கத்தினாள். உடனே இரண்டாவது விளக்கு மினுக்கியது. அப்பா வாயைத் திறந்தபடியே நின்றுபோனார், பிறகு மறைந்தே போனார். இரண்டு நிமிஷம் கழித்து மறுபடி வந்தார். மறுபடி அம்மா கத்த, மறுபடி போனார். தம்பியை நிற்கவைத்துக் காட்டிய நேரத்தில் அங்கே யாரும் இல்லை. வெறும் கறுப்புத் திரைக்கு முன்னால் அவன் பெரிய மனிதன் மாதிரி நின்றுகொண்டிருந்தான்.

அதற்குப் பிறகு ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். மோடம் சூடாகிறது என்றார்கள். நாங்கள் வேர்த்து வடிய உட்கார்ந்துகொண்டு மேசை ஃபேனை அதன் பக்கம் திருப்பிவைத்தோம். தென்னை மட்டை கம்பியில் உரசுகிறது என்றார்கள், மட்டையை வெட்டினோம். எதிர்வீட்டு அத்தை பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டு, "வெள்ளிக்கிழமை மூணுலேருந்து நாலரை எமகண்டம்ல, அந்த நேரத்துல எது வெளங்கும்?" என்றார். அம்மா அப்பாவிடம் சொல்லி நேரத்தை ஐந்து மணிக்கு மாற்றினாள். கோளாறும் பிடிவாதமாக ஐந்து மணிக்கே வந்தது.

நான் மட்டும் விஞ்ஞானபூர்வமாக ஒரு நோட்டுப் போட்டேன். கோளாறு, செய்தது, காரணம் என்று மூன்று கட்டம். அந்த நோட்டின்படி சனி முதல் வியாழன் வரை நெட் தங்கக்கம்பி. வெள்ளிக்கிழமை மட்டும், அதுவும் அப்பா வருகிற நேரத்தில் மட்டும், படுத்துக்கொள்ளும். திங்கட்கிழமைகளில் வந்த லைன்மேன் மாமா மோடத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, "நான் வந்தா பச்சப்புள்ள மாதிரி இருக்கு, இதுல எதைன்னு சரி பண்றது?" என்று காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விடுவார். காரணம் என்ற கட்டம் ஏழு வாரமும் காலியாகவே கிடந்தது.

இதற்குள் தம்பி சுவரை விட்டுவிட்டான். ஒரு நாள் இரண்டு எட்டு, மறுநாள் நாலு எட்டு வைத்தான். அம்மாவுக்கு வந்தது சந்தோஷமில்லை, பதற்றம். அப்பா பார்ப்பதற்குள் இவன் நன்றாக நடந்து பழகிவிட்டால் என்ன செய்வது? அன்றிலிருந்து அவனைத் தரையில் விடுவதே இல்லை. சோறு வடிக்கும்போதும் இடுப்பில், துணி காயப்போடும்போதும் இடுப்பில். "ரெண்டு நாள் பொறுடா ராசா, அப்பா பாக்கட்டும்டா" என்று அவனிடம் கெஞ்சுவாள். அவன் இறங்கத் திமிறுவான். ராத்திரி அம்மா இடுப்பில் தைலம் தேய்த்துவிடுவது என் வேலை. அப்போது அவள் அழுதாளா என்று நான் குனிந்து பார்க்கவில்லை, பார்க்கப் பயமாக இருந்தது.

பெரியப்பாவைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். எங்கள் வீடு பாதி வீடு. தாத்தா காலமான பிறகு நடுவில் சுவர் வைத்து அப்பாவும் பெரியப்பாவும் பிரித்துக்கொண்டார்கள். தாத்தாவின் போன் எங்கள் பக்கம் வந்தது. சுவர் எழும்பியபோது சண்டை இல்லை. அப்பா விசாவுக்காகத் தன் பங்கு நிலம் மூன்று மாவையும் அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வெளியாளுக்கு விற்றபோதுதான் வந்தது. "மண்ண வித்துட்டுப் போறவன் எனக்குத் தம்பியில்ல" என்று பெரியப்பா வாசலில் நின்று சொன்னார். அப்பா சொல்லிக்கொள்ளாமலே போய்விட்டார். ஒன்றரை வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. பெரியம்மா இல்லை, மகளை மன்னார்குடியில் கட்டிக்கொடுத்தாயிற்று, சுவருக்கு அந்தப் பக்கம் பெரியப்பா ஒண்டி ஆள். தெருவில் எதிரே வந்தால் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவேன். அப்பாவுக்கு ஆகாதவர் எனக்கும் ஆகாதவர்.

அப்பாவுக்கோ நிலம் போயும் வயல் நினைப்புப் போகவில்லை. போனில் பேசிய காலத்தில், என் மார்க்கைக் கேட்கிறாரோ இல்லையோ, "புது ஆத்துல தண்ணி வந்துருச்சா? நாத்து விட்டாச்சா?" என்று கேட்காமல் இருக்கமாட்டார். ஒரு குழி நிலம்கூட இல்லாத ஆளுக்கு இது எதற்கு என்று எனக்குத் தோன்றும். அம்மா பதிலே சொல்லமாட்டாள். ரிசீவரைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் சும்மா நிற்பாள். பிறகு யாரும் கேட்காமலே, "மூத்தவங்களுக்கு இருமல் தேவலையாம்" என்று பெரியப்பா பேச்சை எடுப்பாள். பெரியவர்கள் போனில் இப்படித்தான் சம்பந்தமில்லாமல் பேசுவார்கள் என்று நான் விட்டுவிட்டேன்.

எட்டாவது வாரம் அம்மா லைன்மேன் மாமாவிடம் மன்றாடி அவரை வெள்ளிக்கிழமையே வரவழைத்தாள். ஐந்து மணிக்கு அப்பா வந்தார். அம்மா "கேக்குதா?" என்று கத்தினாள். விளக்கு மினுக்கியது. வெளியே சுவரில் இருந்த பெட்டியைத் திறந்து தன் சோதனை போனை மாட்டிக் காதில் வைத்திருந்த லைன்மேன் மாமாவின் முகம் மாறியது.

"பாப்பா, இங்க வா. ஒங்க லைன்ல யாரோ ரிசீவர எடுத்து வச்சிருக்காங்க."

என் காதில் வைத்தார். உஸ்ஸென்று ஓர் இரைச்சல். அதற்கு உள்ளே யாரோ மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள்.

லைன்மேன் மாமா நிமிர்ந்து இறவாரத்தைப் பார்த்தார். ஒரு பழைய கம்பி ஓட்டுக்கு அடியிலேயே ஓடி, நடுச்சுவரைத் தாண்டிப் பெரியப்பா வீட்டுக்குள் போனது. "ஒங்க தாத்தா இருக்கையில ஒங்க பெரியப்பா ரூமுக்குன்னு நான்தானே இழுத்துக் குடுத்தேன். இன்னுமா கெடக்கு?" என்று தலையில் அடித்துக்கொண்டார். நெட்டும் போனும் ஒரே கம்பியில் வருகின்றன, இரண்டையும் பிரித்துவிட ஒரு சின்னப் பெட்டி உண்டு, எங்கள் போனுக்கு அதை மாட்டியிருக்கிறார், அந்தப் போனுக்கு இல்லை. அங்கே ரிசீவரை எடுத்தால் இங்கே நெட் விழுந்துவிடும். இவ்வளவுதான் சங்கதி.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சண்டைக்காரர் வேண்டுமென்றே செய்கிறார், இதில் சந்தேகம் வேறா? "வெட்டி விடுங்க மாமா" என்றேன். லைன்மேன் மாமா குறட்டைக் கையில் எடுத்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தார். அம்மா தம்பியை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டாள். அந்தக் கம்பியைப் பார்த்து அவள் ஆச்சரியப்படவே இல்லை என்பது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது.

"இன்னொரு பெட்டி இருக்குங்களா ஒங்ககிட்ட?"

"இருக்கும்மா. ஆனா அந்தப் போன் கிட்டயே போயித்தான் மாட்டணும். வெட்டுனா ஒரு நிமிஷ வேலை."

"மாட்டிடுங்க. இவளையும் கூட்டிட்டுப் போங்க."

ஒன்றரை வருஷம் கழித்து அந்தப் படியேறினேன். பெரியப்பா ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ரிசீவர் ஒரு காதில், இன்னொரு காதை விரலால் அடைத்திருந்தார். எங்களைப் பார்த்ததும் திருட்டு முழி முழிப்பார் என்று நினைத்தேன். மனுஷன் லைன்மேனிடம் புகார் சொல்ல ஆரம்பித்தார்.

"வாங்க தம்பி. நானே ஆளு விடணும்னு இருந்தேன். போனு செத்துப்போச்சு. அந்தப் பக்கம் ரெண்டு மாசமா மணிச் சத்தமே இல்ல. ஆனா கேக்குதா கேக்குதான்னு கத்துறாங்க. எடுத்துப் பாத்தா இங்க ஒண்ணும் கேக்க மாட்டேங்குது. வெறும் இரைச்சல்."

லைன்மேன் மாமா குனிந்து போனைத் திருப்பினார். அதன் மணியை எப்போதோ அடைத்து வைத்திருந்தார்கள். திருட்டுத்தனம் என்றால் இதுதான் என்று நினைத்துக்கொண்டு நான் எஞ்சினியர் தோரணையில் அறிவித்தேன்: "அப்பா இப்பல்லாம் போன்ல பேசுறதில்ல. கம்ப்யூட்டர்ல மூஞ்சியப் பாத்துத்தான் பேசுறாங்க."

"மொகம் தெரியுதா?"

"தெரியும்."

பெரியப்பா ரிசீவரை மடியில் வைத்துக்கொண்டார். "எளச்சிருக்கானா?" என்றார்.

"எப்படித் தெரியும்? கட்டம் கட்டமாத்தான் தெரியுறாங்க. நீங்க போனை எடுக்கிறதாலதான் எல்லாம் கெட்டுப்போகுது. தம்பி நடக்கிறதக்கூட இன்னும் அப்பா பாக்கல."

"நானா கெடுத்தேன்?" என்றார். ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்து மெதுவாக அதன் இடத்தில் வைத்தார். "தெரியாதும்மா. இனிமே எடுக்கல."

"இனிமேத்தான் எடுக்கலாங்க, பெட்டி மாட்டியாச்சு" என்றார் லைன்மேன் மாமா. எனக்கு அவர் மேலும் கோபம் வந்தது.

திரும்பி வந்தபோது நாலு விளக்கும் பச்சை. அப்பா முழுசாகத் தெரிந்தார். அம்மா தம்பியை இடுப்பிலிருந்து இறக்கிவிட்டாள். ஒரு வாரமாக அடைபட்டுக் கிடந்தவன் விட்டால் போதுமென்று ஆறு எட்டு நடந்து, கம்ப்யூட்டர் மேசையைப் பிடித்துக்கொண்டு எம்பி, அப்பாவின் மூக்கிலேயே ஓர் அறை விட்டான். அப்பா சிரித்தார், பிறகு துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். துண்டை எடுத்தபோது நான் நன்றாகப் பார்த்தேன். இளைத்துத்தான் இருந்தார். அன்று ராத்திரி, பெரியப்பா சொன்னதையெல்லாம் அவரை மாதிரியே பேசி நடித்து அம்மாவிடம் காட்டினேன், சிரிப்பாள் என்று. அவள் சிரிக்கவில்லை. "எளச்சிருக்கானான்னா கேட்டாங்க?" என்று மட்டும் திரும்பக் கேட்டாள்.

அடுத்த வெள்ளிக்கிழமைதான் அம்மா என் மானத்தை வாங்கினாள். நாலு விளக்கும் பச்சை, ஒரு சின்ன மினுக்கல்கூட இல்லை. அப்பாவின் மீசையில் நரையை எண்ணலாம், அவ்வளவு தெளிவு. தம்பி நடந்து காட்டினான், நான் மார்க்கைச் சொன்னேன். அதன் பிறகு அம்மா கேமராவை நேராகப் பார்த்து, "நெட்டு ரொம்ப ஸ்லோவா இருக்குங்க. போன்ல கூப்புடுங்க" என்றாள்.

"அம்மா, நல்லாத்தானே இருக்கு" என்றேன். மேசைக்கு அடியில் என் தொடையில் நறுக்கென்று ஒரு கிள்ளு விழுந்தது. அப்பா அங்கிருந்து அம்மாவையே கொஞ்ச நேரம் பார்த்தார். "ஆமா, ரொம்ப ஸ்லோவாத்தான் இருக்கு" என்றார் அவரும். விளக்குப் படிக்கத் தெரியாத இவர்களுக்கு நான் என்னத்தைச் சொல்ல?

சற்று நேரத்தில், இரண்டு மாதமாக ஊமையாகக் கிடந்த வீட்டு போன் மணி அடித்தது. அம்மா எடுத்தாள். நான் ரிசீவரின் மறுபக்கம் காதை ஒட்டவைத்துக்கொண்டேன். க்ளிக் என்று ஒரு சத்தம். பிறகு அப்பாவின் குரல்.

"புது ஆத்துல தண்ணி வந்துருச்சா?"

அம்மா வழக்கம்போல வாயே திறக்கவில்லை. இந்த முறை இரைச்சலும் இல்லை. வைத்துவிட்டார்களோ என்று நினைத்தேன்.

"முந்தாநேத்தே வந்துருச்சு" என்றது பெரியப்பாவின் குரல். பிறகு, "நீ ஒழுங்கா சாப்புடுறியாடா?" என்றது.

அம்மா ரிசீவரை மேசைமேல் படுக்கவைத்தாள். தம்பியைத் தூக்கிக்கொண்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி வாசலுக்குப் போனாள். ரிசீவரை அதன் இடத்தில் வைக்காமல் போட்டால் லைன் கெடும் என்று எத்தனை முறை சொல்லியிருக்கிறேன். எடுத்து வைக்கப் போனேன்.

"கைய எடு" என்றாள் அம்மா வாசலில் இருந்தே. அவள் குரல் அப்படி இருந்து நான் கேட்டதில்லை. கையை எடுத்துவிட்டேன். ரிசீவருக்குள் இரண்டு பேரும் மாறி மாறிப் பேசிக்கொண்டே இருந்தார்கள்.

எஞ்சினியர் என்ற முறையில் என்னால் முடிந்ததைச் செய்தேன். நோட்டை எடுத்தேன். கோளாறு என்ற கட்டத்தில், "பெரியப்பா ஒட்டுக்கேட்பதோடு நிற்காமல் இப்போது பேசவும் செய்கிறார்" என்று எழுதினேன். செய்தது என்ற கட்டத்தில், "அம்மா செய்ய விடவில்லை" என்று எழுதினேன். அழுகையும் சிரிப்புமாக அம்மா வாசல்படியில் உட்கார்ந்திருந்ததை ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டு, காரணம் என்ற கட்டத்தில், "தெரியவில்லை" என்று எழுதிக் கோடு போட்டேன்.